கதவில் எழுதிய எண்கள்

இஸ்திரிக்காரி கேட்டது ஒரே ஒரு பள்ளிக்கூடம். தெருவில் இருந்த பள்ளியை, படிக்கப் பிள்ளைகள் இல்லை என்று மூடிவிட்டார்கள். இல்லையாம்! அவள் மகளோடு ஒரு பட்டாளமே சாக்கடை ஓரம் ஆடிக்கொண்டிருந்தது. வயிறு எரிந்துபோய் கோர்ட் படி ஏறினாள்.

"படிப்பு பிள்ளைங்களோட உரிமை. கோர்ட்ல கேட்டு வாங்கலாம்," என்றாள் வக்கீலம்மா. "ஆனா அவங்க இங்கதான் குடியிருக்காங்கன்னு காட்டணும்."

வினை அங்கேதான் வந்தது. அரசாங்க இடத்தில் எழுப்பிய வீடுகள். ஒன்றுக்கும் எண் கிடையாது. இத்தனை காலம் வாயைத் திறக்காமல் இருந்ததால்தான் யாரும் கண்டுகொள்ளவில்லை. இவளோ நல்ல பெயின்டாக வாங்கி, மகளையும் கூட்டிக்கொண்டு கதவு கதவாக எண் எழுதினாள். போட்டோ எடுத்துக் கோர்ட்டில் கொடுத்தாள். அந்தச் சாக்கில் மகள் எண் படிக்கப் பழகியதில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"நம்மள நாமே காட்டிக் குடுக்கிறோமோ?" என்று இழுத்தார் எதிர்வீட்டுத் தையல்காரர். ஓயாமல் பேசுவதால் தெருவில் அவர் பெயர் வானொலி.

"கொஞ்ச நேரம் ஸ்டேஷன மூடுங்கண்ணே," என்றாள். தெருவே சிரித்தது.

தீர்ப்பு அவள் பக்கம். இந்தத் தெருவில் குடியிருக்கும் பிள்ளைகளுக்கு, வரும் கல்வியாண்டில் இங்கேயே பள்ளி திறக்க வேண்டும். சந்தோஷத்தில் அழுதே விட்டாள். எதிர்த்தரப்பில் நின்று தோற்றுப்போன அரசாங்க அதிகாரி மட்டும் முகம் சுளிக்காமல் தலையாட்டிக்கொண்டிருந்தார். அது அவளுக்கு உறுத்தியது.

சில நாளில் அந்த அதிகாரியே ஆட்களோடு வந்தார். கையில் அளவு நாடா, சிவப்பு மை. பள்ளிக்கு இடம் பார்க்கிறார்கள் என்று பூரித்துப்போய், "சாருக்கு வீடெல்லாம் காட்டுடி," என்று மகளை அனுப்பினாள்.

மகள் முன்னே ஓடி ஒவ்வொரு எண்ணாகக் கத்திப் படித்தாள். படித்த எண்ணின் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி விழுந்தது. தையல் மெஷின் நின்றது. வானொலி வாயே திறக்கவில்லை.

"பள்ளிக்கூடம் எங்க சார் வருது?" என்று கேட்டாள் இஸ்திரிக்காரி.

"யாருக்கும்மா?" அதிகாரி நிதானமாகவே பேசினார். "இங்க குடியிருக்கிற பிள்ளைங்களுக்குன்னுதானே தீர்ப்பு? பள்ளி திறக்கிறதுக்குள்ள இங்க யாரும் குடியிருக்க மாட்டாங்க. இடம் எங்களோடது. வீடுங்க இருக்குன்னு நீங்கதான் கோர்ட்ல போட்டோ குடுத்தீங்க."

அவள் ஈரத் துணியை எடுத்துக்கொண்டு ஓடித் தன் வீட்டுக் கதவைத் தேய்த்தாள், தேய்த்துக்கொண்டே இருந்தாள். நல்ல பெயின்ட். துளியும் போகவில்லை.

மகள் அதற்குள் அவர்களை அங்கே கூட்டி வந்துவிட்டாள்.

"இது எங்க வீடு," என்று சொல்லி, எண்ணைத் தப்பில்லாமல் படித்தாள்.