முட்டை லாரிக்குத் திறக்கிற கதவு

கொட்டகைச் சுவரின் அடியில் இருந்த சின்னக் கதவுகளையெல்லாம் விடிந்ததும் தூக்கிவிட்டாயிற்று. ஒரு கோழிகூட வெளியே தலை நீட்டவில்லை. வெளியே புல் இருந்தது, வெயில் இருந்தது, கொத்தித் தின்னப் பூச்சி இருந்தது. குஞ்சிலிருந்து கூரைக்குக் கீழேயே வளர்ந்த கோழிகள் அந்த வெளிச்சத்துக்குப் பயந்து எதிர்ச்சுவரில் போய் அப்பிக்கொண்டு நின்றன.

"என்னம்மா தகரக்காரி, முட்டை வாங்கற கம்பெனிக்காரங்க பண்ணையைப் பார்க்கக் கிளம்பிட்டாங்களாம்" என்று கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார் மேஸ்திரி. "நீ டப்பாவைத் தட்டினாத்தான் இதுங்க நகரும். தட்டு."

தகர டப்பாவைத் தட்டித் தட்டியே கோழிகளைத் தீனிக்குப் பழக்கியவள் அவள். அதனால்தான் பண்ணையில் அந்தப் பேர். டப்பா அவள் இடுப்பில்தான் இருந்தது. தட்டவில்லை.

"காலையிலேயே சொன்னேங்க. பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சு, ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க. தலைப்பிரசவம். நான் பக்கத்துல இருக்கணும்."

"இந்தக் கோழிங்க முட்டை போடற காலம் முடியற வரைக்கும் யாரும் வெளிய போகக் கூடாதுன்னு தெரியாதா? நோயை ஒட்டிக்கிட்டு வந்தா மொத்தமும் போச்சு."

கோழிகள் கம்பிக் கூண்டில் கிடந்த காலத்தில் இந்தச் சட்டம் இல்லை. வேலை முடிந்ததும் அவளும் மற்ற பெண்களும் வீட்டுக்குப் போய் அடுப்பு பற்றவைத்தார்கள். பிறகு, திரிந்து மேயும் கோழியின் முட்டைதான் வேண்டும் என்று கம்பெனி கேட்டது. விலையும் கூடக் கொடுத்தது. கூண்டுகளைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். திரிகிற கோழிக்கு நோய் சுலபமாகத் தொற்றுமாம். கோழியை இனி அடைக்க முடியாதே, ஆட்களை அடைத்தார்கள். வேலியோரத்து அறையில் வரிசையாகப் பாய் விரித்துக்கொண்டு, வீட்டு ஏக்கத்தைப் போனில் பேசித் தீர்த்துக்கொண்டார்கள்.

"கம்பெனிக்காரங்க மட்டும் வெளியிலிருந்து வரலாமா?"

"அவங்க கால்ல உறை போட்டுக்குவாங்க."

"எனக்கும் ரெண்டு ஜோடி குடுங்க. போறப்ப ஒண்ணு, வரப்ப ஒண்ணு."

மேஸ்திரிக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. வாசலில் கார் ஹாரன் கேட்டதும் இரண்டும் பறந்துவிட்டன. "சரி தாயே, அவங்க போனதும் நீயும் போ. இப்பத் தட்டு."

அவள் வெளியே நின்று தட்டினாள். முதலில் ஒரு நொண்டிக் கோழி எட்டிப் பார்த்தது. அதன் பின்னால் இரண்டு. அப்புறம் கொட்டகையே கொட்டிவிட்டதுபோல் புல்லெல்லாம் கோழியாகிவிட்டது.

நீலப் பிளாஸ்டிக் உறை சரசரக்க வந்தவர்களில் ஒரு அம்மாள் கேட்டாள். "இதுங்க நினைச்ச நேரம் வெளிய வரலாமா?"

"எல்லாம் அதுங்க இஷ்டம்தாங்க" என்றார் மேஸ்திரி.

போட்டோ எடுக்கும்போது, "நீங்க கொஞ்சம் தள்ளிக்கோங்கம்மா, படத்துல விழறீங்க" என்றார்கள். தள்ளிக்கொண்டாள்.

உறைகளைக் குப்பைக் கூடையில் கழற்றிப் போட்டுவிட்டு அவர்கள் போனார்கள். "நானும் கிளம்பறேங்க" என்றாள்.

"எங்க? நான் சொன்னா ஆச்சா? முதலாளிகிட்டக் கேட்கணும். நாளைக்குப் பார்ப்போம்."

 அவள் கெஞ்சவில்லை. கூடையிலிருந்து இரண்டு ஜோடி உறைகளை எடுத்து, கால் நனைக்க வைத்திருந்த கிருமி மருந்துத் தொட்டியில் அலசினாள். ஒன்றைக் காலில் மாட்டினாள், மற்றதைப் பையில் வைத்தாள். டப்பாவைத் தன்னோடு வேலை செய்யும் பெண்ணிடம் நீட்டினாள். "சாயந்தரம் இதுங்களை நீதான் உள்ள கூப்பிடணும். மெல்லத் தட்டு. வேகமாத் தட்டினா மிரளும்."

போய்ப் பண்ணை வாசலின் பெரிய கதவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, என் பொழப்புல மண்ணைப் போட்டுடாதீங்க" என்றான் வாட்ச்மேன்.

"நீ எனக்காகத் திறக்க வேணாம் தம்பி. முட்டை லாரிக்குத் திறப்பல்ல, அது போதும்."

போன் அடித்தது. "அம்மா, எங்கம்மா இருக்க?" மகளின் குரல் பாதியில் முனகலாகிவிட்டது.

"கதவுகிட்ட வந்துட்டேன் கண்ணு. பல்லைக் கடிச்சுக்கோ. இதோ வந்துட்டேன்."

வெயில் அவள் தலைக்கு மேலே ஏறிச் சாய்ந்தது. வயிறு காய்ந்தது. எழுந்திருக்கவில்லை. ஒருவழியாக லாரி வந்தது. கதவு திறந்ததும் லாரிக்கும் தூணுக்கும் நடுவே உடம்பை ஒடுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

"போனா அப்படியே போயிடு! நாளைக்கு வேற ஆள் வருவா!" மேஸ்திரி கத்திக்கொண்டே ஓடிவந்தார்.

"நான்தான் வருவேன்" என்றாள் அவள்.

கதவு சாத்தப்பட்டது. அவள் நடந்துகொண்டே கம்பி வேலி வழியாகத் திரும்பிப் பார்த்தாள். லாரி டிரைவர் சேறு அப்பிய செருப்போடு, கோழிகளைக் காலால் விலக்கிக்கொண்டு, தண்ணீர் குடிக்கக் கொட்டகைக்குள் போய்க்கொண்டிருந்தார்.