பத்தாவது ஆள்

1
இந்தக் கதை பக்தியில் பிறக்கவில்லை, வாய்பிளப்பில் பிறந்தது. யூதச் சட்டத்தில் ஒரு விதி. உன் மதத்தை அவமதிக்கவென்றே ஒருவன் மிரட்டி ஒரு கட்டளையை மீறச் சொன்னால், தனியாக இருக்கும்போது மீறிவிட்டு உயிரைக் காப்பாற்றிக்கொள். (சிலை வணக்கம், கொலை, தகாத உறவு மூன்றும் எப்போதும் கூடாது.) உன் ஆட்கள் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தால், செத்துப்போ.

சாவதற்கும் கோரம், குறைந்தபட்சத் தலைக்கணக்கு. எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்துக்கே இதுவரை கோரம் சேர்ந்ததில்லை.

2
முதல் தொடக்கம்: "அன்று வானம் செந்நிறமாக—" வேண்டாம். தியாகி வருகிறார் என்றதும் வானத்துக்குச் சாயம் பூசும் கை இது.

இரண்டாவது: ஊரைப் பிடித்த படையின் கேப்டன், ஓய்வுநாளான சனிக்கிழமை காலை, பள்ளிக்கூட மாடியறையில் யூத மதகுருவான ரபியின் முன்னால் தீப்பெட்டியை வைத்தான்.

"டீ குடிச்சிட்டு வர்றேன். என் கண்ணு முன்னாடி ஒரு குச்சியைக் கிழிச்சா வீட்டுக்குப் போகலாம். இல்லன்னா சுடுவேன்."

மேலிடத்து உத்தரவெல்லாம் இல்லை. அவனுக்குப் பொழுது போகவில்லை, ஒரு மதத்தை மட்டம்தட்டிப் பார்க்க ஆசை. ஓய்வுநாளில் நெருப்பு மூட்டுவது ரபிக்குத் தடை.

ரபி தலைகளை எண்ணினார். ஆசிரியரைத் தனியே விடக் கூடாதென்று ஓடிவந்த மாணவர்கள், மீசை நரைத்தவர்கள், ஒன்பது பேர். மூச்சு வந்தது.

3
பக்கத்து நாற்காலியில் பாதிரியார். அடுத்தது அவர். இயேசுவைப் பற்றி, "அந்த ஆளை எனக்குத் தெரியாது" என்று சொல்ல வேண்டும்.

"உங்களுக்கு எத்தனை பேர் கணக்கு?" என்றார் ரபி.

"எங்களுக்குக் கணக்கே இல்ல. தனியா சொன்னாலும் மறுதலிப்புதான். ஆனா மூணு தடவை மறுதலிச்ச சீடர்கிட்டதான் அப்புறம் இயேசு தன் மந்தையையே குடுத்தார்."

"அப்போ உங்களுக்கு மன்னிப்பு பின்னாடி வருது. எங்களுக்கு விலக்கு முன்னாடியே வந்துடுது."

"எது வசதி?"

"துப்பாக்கி இருக்கிற ரூம்லயா? முன்னாடி வர்றதுதான்."

கீழே தெருவில் பாதிரியாரின் சபையார் தியாகிகளைப் புகழ்ந்து பாடத் தொடங்கியிருந்தார்கள்.

"ஒரு ஊர்ல துரத்தினா அடுத்த ஊருக்கு ஓடுன்னும் எங்க வேதத்துல இருக்கு," என்றார் பாதிரியார். "அதுக்கு யாரும் பாட்டுக் கட்டல. இப்ப ரொம்ப மேல சுருதி பிடிச்சிட்டாங்க. நான் எப்படிங்க இறங்குறது?"

4
படிக்கட்டில் செருப்புச் சத்தம். சன்னலோரம் இருந்தவர் எட்டிப் பார்த்து, "ஐயா, உங்க மருமகன்," என்றார்.

பத்தாவது ஆள்.

[மருமகனை மெனக்கெட்டு வரவழைத்தவன் நான். சாவில்லாத தியாகக் கதையை எந்தப் பத்திரிகை போடும்?]

"எல்லாரும் கிளம்புங்கடா," என்றார் ரபி.

"உங்களை விட்டுட்டா?" மூத்த மாணவர் பெஞ்சில் இன்னும் அழுந்த உட்கார்ந்தார்.

"விதி தெரியும்ல?"

"தெரியும் ஐயா. அதான் போக மாட்டோம். உங்க பேரு நிக்கும்."

"பேரு நிக்கும். நான் விழுந்துடுவேன்டா."

ஆசிரியரை மதிக்க வேண்டும் என்பதைத்தான் ரபி இத்தனை வருடமும் தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்தார். கூட்டத்தில் மரியாதை கெட்டவன் ஒருத்தனாவது இருக்க மாட்டானா என்று இப்போது தேடினார்.

5
கடைசி பெஞ்சில் ஒருவர் எழுந்தார். பட்டப்பெயர் கொட்டாவி, பாதிப் பாடத்தைத் தூங்கியே கழித்தவர்.

"ஐயா, அவசரமா ஒண்ணுக்கு வருது."

"போடா. ஓடு," என்றார் ரபி.

மூத்தவர் வழியில் காலை நீட்டினார். "அடக்கிக்கோ. வரலாறு பாக்குது."

மருமகன் வாசலுக்கு வந்துவிட்டான். அவனுக்குப் பின்னால் கேப்டன், வாயைத் துடைத்துக்கொண்டு. கொட்டாவி வெளியேறினால் அறையில் ஒன்பது பேர். ரபி குச்சியைக் கிழிப்பார், வீட்டுக்குப் போவார். ஊர் கொட்டாவியை ஓடுகாலி என்று கடைசிவரை சொல்லும். வெளியேறாவிட்டால் நீங்கள் அழுவதற்கு ஒரு நல்ல முடிவு கிடைக்கும். எனக்கும் ஒருவேளை பரிசு.

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. மூத்தவரின் கால் குறுக்கே இருக்கிறது. தள்ளிவிடுவதோ, அப்படியே விட்டுவிட்டுக் கைக்குட்டையை எடுப்பதோ உங்கள் பாடு. சீக்கிரம் முடிவு செய்யுங்கள். கொட்டாவி தொடையை நெருக்கிக்கொண்டு நிற்கிறார்.