சுடலைக்கண்ணுவுக்குத் தெரிந்த முதுகு

குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கும் சுடலைக்கண்ணுவுக்கு வாய் கொஞ்சம் நீளம். "மொகம் மறந்துபோவும், ஒரு தடவ தேச்ச முதுகு மறக்காது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அளப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். சாரல் அணிக்காரர்கள் மட்டும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார்கள்.

இரண்டு சீசனாக அருவிக்கரை அந்த அணியின் கையில்தான். யார் குளிக்கலாம், எந்தக் கடை திறக்கலாம், எல்லாம் பச்சைத் தொப்பிக்காரர்கள் வைத்ததுதான் சட்டம். சுற்றுவட்டாரத்தில் அவர்களுடைய ஸ்டிக்கர் ஒட்டாத கடைக்கு என்ன ஆகும் என்பது ஊருக்கே தெரியும். சுடலைக்கண்ணு தன் எண்ணெய்ப் பெட்டியில் முதல் நாளே ஒட்டிக்கொண்டார். பிழைக்கத் தெரிந்த மனுஷர்.

சுரண்டையில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் குமரகுரு, தன் கடையில் ஒட்டிய ஸ்டிக்கரைக் கிழித்துப் போட்டவன். அந்தச் சனிக்கிழமை காலை சுடலைக்கண்ணுவின் பெஞ்சில் குப்புறப் படுத்திருந்தான்.

"என் கடையில அவனுவ பேர நான் எதுக்கு ஒட்டணும் அண்ணாச்சி?"

"வம்பு எதுக்கு தம்பி" என்றபடி இவர் தேய்த்தார். இடது தோளுக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு கொழுப்புக் கட்டி. வலிக்காமல் அதைச் சுற்றித் தேய்த்துவிட்டார்.

அவன் அருவிக்குப் போய்க் கால் மணி நேரம் ஆகியிருக்காது. யாரோ அவர்களுடைய வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்க வேண்டும், இருபது பச்சைத் தொப்பிகள் கம்போடு வந்துவிட்டன. அருவிக்கடியில் நூறு ஆண்கள், பாறைப் பக்கம் திரும்பித் தலைகுனிந்து நிற்கிறார்கள். எவன் எவனென்று பெற்ற தாய்க்கும் தெரியாது.

அணித் தலைவன் முப்பிடாதி சுடலைக்கண்ணுவின் தோளில் கை போட்டான். "முதுகு மறக்காதும்பியள்லா அண்ணாச்சி. இதுல குமரகுரு எங்கன நிக்கான்?"

மிரட்டவில்லை. தெரியவில்லை என்று ஒரு வார்த்தை போதும். நூறு முதுகில் யார் வந்து சரிபார்க்கப்போகிறார்கள்? ஆனால் இவர் கண் அதற்குள் தேடிக் கண்டுபிடித்துவிட்டது.

"அந்தா, கம்பியப் புடிச்சிக்கிட்டு நிக்கான் பாரு. ஏழாவது ஆளு."

அதைச் சொல்லும்போது அவருக்குப் பயத்தைவிடப் பெருமைதான் முந்திக்கொண்டு வந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை.

இழுத்து வந்து படிக்கட்டில் போட்டு அடித்தார்கள். அவர் தேய்த்த எண்ணெயில் பிடி வழுக்க வழுக்க ஆத்திரம் கூடி அடித்தார்கள். மற்றவர்கள் குளித்துக்கொண்டே இருந்தார்கள். "கரெக்டா சொன்னிய அண்ணாச்சி" என்று முப்பிடாதி முதுகில் தட்டியபோது, இவர் நீட்டிய கை இன்னும் இறங்கவில்லை. கீழே கிடந்த குமரகுரு அதைப் பார்த்தான்.

ஒரு மாதம் கழித்து அவன் வந்தான். வலது கையில் மாவுக்கட்டு. பெஞ்சில் உட்கார்ந்தான். சுடலைக்கண்ணு எதையோ தேடுவதுபோல் பெட்டிக்குள் குனிந்துகொண்டார்.

"தம்பி, நான் வந்து..."

குமரகுரு மல்லாந்து படுத்தான். "முதுகுதான் ஒங்களுக்கு நல்லாத் தெரியுமே. இன்னைக்கு மொகத்தப் பாத்துத் தேயுங்க அண்ணாச்சி."

உள்ளங்கையில் ஊற்றிய எண்ணெய் ஒழுகிப் பெஞ்சில் சொட்டியது. அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் தேய்த்தார். மூடியும் என்ன, நெற்றித் தழும்பில் தையல் போட்ட இடம் ஒவ்வொன்றும் விரலுக்குத் தெரிந்தது.