அறுப்புக்குப் போன பாட்டு

எங்கள் சபையில் வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகை உண்டு. சபையில் முக்கால்வாசிப் பேர் தேனி பஜாரில் கடை வைத்திருப்பவர்கள். ஒருவருக்கும் ஒரு குழி நிலம் கிடையாது. சந்தையில் பேரம் பேசி வாங்கிய பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு போய், நாங்களே தண்ணீர் பாய்ச்சி வளர்த்த மாதிரி பீடத்துக்கு முன்னால் வைப்போம். கர்த்தருக்கும் இது பழகிப்போயிருக்கும்.

அந்தப் பண்டிகைக்குப் பாட்டு எழுதுகிறவள் நான். ‘ஞானபாக்கியம் எழுதினது’ என்று பாடகர் குழுவில் சொல்வார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. எழுபத்து மூன்றாம் வருஷம் அது போயிற்று. பாட்டின் இரண்டாம் சரணத்திலேயே சபை கொட்டாவி விட்டது. மூன்றாவது பெஞ்சில் ஒருவர் வாயைப் பிளந்துகொண்டு நன்றாகவே தூங்கினார். அவர் என் வீட்டுக்காரர் ராஜமணி.

வேறு யார் தூங்கியிருந்தாலும் மனசு ஆறியிருக்கும். அடுப்படியில் நான் முனகி முனகி எழுதியதைப் பார்த்த மனுஷன் அல்லவா? அவரைச் சொல்லியும் குற்றமில்லை. உட்கார்ந்தால் தூங்குகிற உடம்பு அது. பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதற்குள் குறட்டை வந்துவிடும். இருந்தாலும் எனக்கு மனசு விட்டுப்போயிற்று. அடுத்த பண்டிகைக்கு இன்னும் ஒரே ஒரு பாட்டு. அதற்கும் அவர் தூங்கினால் இனிப் பேனாவைத் தொடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். அவரிடம் சொல்லவில்லை.

எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. ‘பொன்விளை நிலமே, புதுக்கதிர் வளமே’ என்று அதே சந்தைப் பூசணிக்காய்தான் வந்தது. பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில், நெல் பார்க்க மார்க்கையன்கோட்டைக்குப் போவதாக அவர் சொன்னார். எங்களுடையது அரிசிக் கடை. நானும் வருகிறேன் என்றேன். வெயிலில் அங்கே உனக்கென்ன வேலை என்று கேட்க வந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடைச் சாவியைத் தன் தம்பியிடம் கொடுத்தார்.

சின்னமனூரில் பஸ் மாறிப் போய் இறங்கியபோது முத்துவீரன் வயலில் அறுப்பு ஆரம்பித்திருந்தது. எங்கள் கடைக்கு வெகுநாளாக நெல் போடுகிறவர் அவர். ஆண்கள் இருவரும் பேசிக்கொண்டே களத்துப் பக்கம் போய்விட, நான் வரப்பில் உட்கார்ந்தேன். வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மேற்கே மலைமேல் மேகம் அசையாமல் கிடந்தது. அறுக்கிறவர்கள் பாடுவார்கள், அதைக் கேட்டு நாலு வரி எழுதலாம் என்று காத்திருந்தேன். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. அரிவாள் மட்டும் சரக் சரக்கென்று கேட்டது.

முத்துவீரனின் மனைவி அய்யம்மாளிடம் ஏன் யாரும் பாடவில்லை என்று கேட்டேன்.

“நடவுன்னா பாடுவாகக்கா. அறுப்புல ஏது பாட்டு? குனிஞ்சே கெடக்கணும், தாளோட சொணை வேற அரிக்கும். இங்கன யாரு பாடுவா?”

என் பாட்டுகளில் அறுக்கிறவர்கள் இத்தனை வருஷமாக ஓயாமல் பாடிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு எனக்கும் ஒரு கதிரரிவாள் கேட்டேன். விரலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அய்யம்மாள் தன்னுடையதைக் கொடுத்தாள். முதல் பிடி பாதி அறுந்து, பாதி வேரோடும் மண்ணோடும் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன்.

மத்தியானம்வரை அறுத்தேன். கையெல்லாம் கீறல், கழுத்தெல்லாம் அரிப்பு. அய்யம்மாள் ஊற்றிக் கொடுத்த கூழை வரப்பில் உட்கார்ந்து குடிக்கும்போது, கடைசியாக எப்போது இவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகத்துக்கு வரவில்லை. பாட்டைப் பற்றிய நினைப்பே இல்லை.

வெயில் தாழ்ந்ததும் களத்தில் கதிரடித்தார்கள். ஒரு கல்லைச் சுற்றி மூன்று பேர் நின்றுகொண்டு மாறி மாறி அடித்தார்கள். தொம், தொம், மூன்றாவது ஆள் கொஞ்சம் பருமன், அவருடைய தொம் சற்றுப் பிந்தித்தான் விழும். அந்தப் பிந்தல் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. என் வீட்டுக்காரரும் முத்துவீரனோடு அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அந்த அடி காதைவிட்டுப் போகவில்லை. சின்னமனூர் தாண்டியதும் அதன்மேல் சொற்கள் வந்து உட்கார்ந்தன.

குனிந்த முதுகைக் கண்டவரே,
கீறிய கையை நிறைத்தவரே.

எழுதக் கையில் காகிதம் இல்லை. மறந்துவிடுமோ என்று பயந்து திரும்பத் திரும்ப முனகினேன். பக்கத்தில் அவர் இருக்கிறாரே என்று கூச்சப்படவில்லை. எப்படியும் தூங்கியிருப்பார். வீரபாண்டி வரும்போது அடுத்த வரி தடுக்கியது. முனகலை நிறுத்தினேன்.

நிறுத்திய பிறகும் தாளம் நிற்கவில்லை. முன் சீட்டுக் கம்பியில் டொக், டொக் என்று தட்டும் சத்தம். மூன்றாவது சற்றுப் பிந்தி வந்தது. திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் விரலை மடக்கித் தட்டிக்கொண்டு, கண்ணை நன்றாக விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ஏன் நிறுத்திட்ட?” என்றார். “அந்தக் கையி வர்ற எடத்த இன்னொருக்காப் பாடு, பாக்கியம்.”

பாடினேன். தேனி பஸ் ஸ்டாண்டு வரும்வரைக்கும் பாடினேன். அவர் தூங்கவே இல்லை.