மிக்சர் டப்பாவுக்குச் சிவப்பு அட்டை

இப்போதெல்லாம் மனுஷனுக்குப் பசித்தால் அவன் சாப்பிடுவதில்லை, படிக்கிறான். பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் எடுத்தால் பிரித்துத் தின்ன வேண்டியதுதானே? அதைத் திருப்பிப் பின்பக்கத்தில் இருக்கிற பொடி எழுத்தைக் கண்ணருகே கொண்டுபோகிறான். சர்க்கரை எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்று வக்கீல் பத்திரம் பார்க்கிற மாதிரி பார்க்கிறான். பிறகு பெருமூச்சு விட்டுத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போகிறான். ஓசூரில் கடைக்குக் கடை இந்தக் கூத்துதான். நான் மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்கு அந்தத் தொல்லை இல்லை. முன்பக்கப் படத்தைப் பார்ப்பேன், பிரிப்பேன், தின்பேன்.

என் வீட்டிலேயே அப்படிப் படிக்கிறவள் ஒருத்தி இருக்கிறாள். என் மகன் ஜெகதீஷின் மனைவி லாவண்யா. விருதுநகர்ப் பக்கத்துப் பெண். சிப்காட்டில் வண்டி உதிரிப் பாகம் செய்கிற கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறாள். நல்ல பாகத்துக்குப் பச்சை அட்டை ஒட்டுவாள், கோளாறான பாகத்துக்குச் சிவப்பு அட்டை. சிவப்பு அட்டை விழுந்ததை முதலாளியே வந்தாலும் தொடக்கூடாதாம். அந்த அட்டைக் கட்டில் கொஞ்சம் எப்போதும் அவள் கைப்பையில் கிடக்கும்.

ஆனி மாதத்தில் எனக்கு முட்டி வலி அதிகமாகிவிட்டது. குச்சி இல்லாமல் வாசலைத் தாண்ட முடியவில்லை. லாவண்யா என்னை ஸ்கூட்டரில் ஏற்றி ஓசூரில் ஒரு டாக்டரம்மாவிடம் கொண்டுபோனாள். அந்த அம்மா என்னைத் தராசில் ஏற்றினார்.

"எண்பத்தாறு கிலோ. முட்டி எப்படி ஐயா தாங்கும்? தீபாவளிக்குள்ள எண்பதுக்குக் கீழ வாங்க. வந்துட்டா மாத்திரையோட போயிடும். வரலன்னா முட்டியத் திறந்து உலோகம் வெக்கணும்."

"உலோகம்னா?"

"ஸ்டீல் மாதிரின்னு வெச்சுக்கங்க."

இந்த வட்டாரத்துக் கம்பெனிகளில் செய்கிற உலோகப் பாகங்களில் தினமும் எத்தனை சிவப்பு அட்டையோடு குப்பைக்குப் போகின்றன என்று லாவண்யா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதில் ஒன்று அட்டை உதிர்ந்துபோய் என் காலுக்குள் வந்து உட்காராது என்று யார் சொல்ல முடியும்? கத்தி மட்டும் வேண்டாம் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

"என்னா செய்யணும் சொல்லுங்கம்மா."

"பாக்கெட்ல வர்றத நிறுத்துங்க. மிக்சர், பிஸ்கட், ரஸ்க், நூடுல்ஸ், டப்பால வர்ற சத்து மாவு, எல்லாத்தையும். முழு தானியம், பயறு, காய், கீரை, பழம் சாப்பிடுங்க. அவ்ளோதான்."

அன்று சாயந்திரமே என் மிக்சர் டப்பாவின் மேல் சிவப்பு அட்டை இருந்தது. பக்கத்தில் ரஸ்க், நூடுல்ஸ், சாக்லேட் வாசனை அடிக்கிற பால் பவுடர், எல்லாவற்றிலும் சிவப்பு. அலமாரி தேர்தல் நேரத்துச் சுவர் மாதிரி இருந்தது.

"இது என்னாம்மா?"

"ரிஜெக்ட் மாமா."

"மிக்சர் என்னா தப்பு பண்ணுச்சு?"

"பிரிச்சா நீங்க பாதியில நிறுத்தவே மாட்டீங்க. அதான் அது செய்ற தப்பு."

"அது மிக்சரு தப்பா, என் தப்பா?"

"உங்களுக்கும் ஒண்ணு ஒட்டட்டுமா மாமா?"

ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஜெகதீஷ் செருப்பை மாட்டியபடியே சொன்னான்: "எனக்கும் சேத்துதான்பா ஒட்டியிருக்கா. பேசாம இருங்க. வாயத் தொறந்தா டீக்கும் ஒட்டிருவா."

என் நியாயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். எனக்கு மனுஷக் கையில் நம்பிக்கை கிடையாது. கடையில் மூட்டையைத் திறந்து வைத்திருக்கிறான், அதில் யார் கை விட்டானோ, எந்தப் பூனை படுத்துத் தூங்கியதோ? பாக்கெட் அப்படி இல்லை. மெஷின் போட்டு மெஷின் ஒட்டியது. நடுவில் எவனும் விளையாட முடியாது. ஊரில் எல்லோரையும் சந்தேகப்படுகிறவன் நிம்மதியாகத் தின்னக்கூடியது அது ஒன்றுதான். அப்புறம், முழு தானியம் என்று லாவண்யா எனக்கு விதித்த இந்த ராகிக் களி. வேறு வழியில்லாமல் பாதி ஆயுசு அதைத் தின்றவன் நான். பாக்கெட் வாங்குகிற வசதி வந்த அன்றைக்கே களிக்குக் கும்பிடு போட்டேன். இப்போது பெங்களூரிலிருந்து காரில் வந்து இறங்கி, நல்ல ராகி எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்கள். தாராளமாகத் தின்னட்டும். என் பங்கையும் சேர்த்துத் தின்னட்டும்.

ஆனால் கத்தி பயம் இருந்ததே. களிக்கு உட்கார்ந்தேன்.

லாவண்யா ஊரில் களி கிடையாது. போனில் பார்த்துக் கிண்டினாள். உருண்டை பிடித்து, அவரைக்கொட்டைக் குழம்பு ஊற்றி என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்: "அவசரப்படாம நல்லா மென்னு சாப்பிடுங்க மாமா. மென்னாத்தான் பசி அடங்கும்."

எங்கள் பக்கத்தில் களியை யாரும் மெல்ல மாட்டார்கள். கிள்ளி, குழம்பில் புரட்டி, அப்படியே விழுங்குவார்கள். குழந்தைக்கும் தெரியும். சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. என்னதான் ஆகிறது, அவளே பார்க்கட்டும் என்று மென்றேன். மூன்றாவது வாயில் என் மேல்வரிசைப் பல்செட் களியோடு ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அதை அப்படியே தட்டில் வைத்து அவள் பக்கம் நகர்த்தினேன்.

"இது பாஸா, ரிஜெக்டா?"

ஜெகதீஷுக்குப் புரையேறிவிட்டது. லாவண்யா மட்டும் சிரிக்காமல் கொஞ்ச நேரம் அதை உற்றுப் பார்த்தாள், வேலைப் பழக்கம். பிறகு சொன்னாள்: "நாளையிலருந்து முழுங்கிக்கங்க மாமா."

அடுத்த ஒரு மாதம் நான் களி விழுங்கினேன், கீரை தின்றேன், கொள்ளு ரசம் குடித்தேன். கூடவே கிணற்றடி மோட்டார் ரூமில் கோதுமைக் கதிர் படம் போட்ட பிஸ்கட் பாக்கெட்டுகள் சில வைத்திருந்தேன். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. டாக்டரம்மா முழு தானியம் என்றார். படத்தில் தானியம் மட்டுமா, முழுக் கதிரே இருந்தது. சாயந்திரம் மோட்டார் போடப் போகும்போது ஒரு பாக்கெட். மோட்டார் அணைக்கப் போகும்போது ஒரு பாக்கெட்.

மறுபடி டாக்டரம்மாவிடம் போனோம். தராசு எண்பத்தேழு காட்டியது.

"ஒரு கிலோ ஏறியிருக்கே ஐயா!"

"தராசு பொய் சொல்லுதும்மா."

"தராசு எங்கயாவது பொய் சொல்லுமா?"

"நீங்க ஒரு தடவ தக்காளி மண்டிக்கு வந்து பாருங்க. அப்புறம் பேசுங்க."

வாய் போன போக்கில் சொன்னதுதான். ஆனால் வீட்டுக்கு வருகிற வழியில் அதுவே எனக்கு யோசனையாகிவிட்டது. மண்டியில் எடை போடுகிற முனிவேல் எனக்குத் தெரிந்தவன். நான் தக்காளி போட்ட காலத்தில் மூங்கில் கூடையும் கல் தராசும்தான். எடை தப்பு என்று அவன் அப்பனோடு நான் போடாத சண்டை இல்லை. இப்போது கூடை போய்ப் பிளாஸ்டிக் கிரேட் வந்துவிட்டது. கல் தராசு போய் எண் தெரிகிற தராசு வந்துவிட்டது.

மறுநாள் குச்சியை ஊன்றிக்கொண்டு மண்டிக்கு நடந்தேன். தராசின் மேல் எதுவும் இல்லாதபோது அதில் ஒரு சின்னக் கோடும் பக்கத்தில் இரண்டும் தெரிந்தன. மெஷின் என்றால் என்னென்னவோ இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஏறி நின்றேன். மூட்டை தூக்குகிற கன்னடப் பையன் ஒருவன், தாத்தா எந்த ரகத் தக்காளி, நாட்டு ரகமா ஒட்டு ரகமா என்று கேட்டுவிட்டு ஓடினான்.

முனிவேல் சொன்னான்: "எண்பத்தஞ்சு ணா."

"நல்லாப் பாத்துச் சொல்லுடா."

"எண்பத்தஞ்சுதான் ணா."

பாருங்கள். ஆஸ்பத்திரியில் ஏறியிருக்கிறது, மண்டியில் இறங்கியிருக்கிறது. மண்டித் தராசை ஆயுசு முழுக்கத் திட்டியவன் நான். ஆனால் அது தக்காளிக்கு. தக்காளியில் குறைத்துக் காட்டினால் அவர்களுக்கு லாபம். என்னைக் குறைத்துக் காட்டி யாருக்கு என்ன லாபம்? அதனால் என் விஷயத்தில் அந்தத் தராசு உண்மைதான் பேசும். அன்று மோட்டார் ரூமில் சந்தோஷத்துக்கு ஒரு பாக்கெட் கூடுதலாகப் பிரித்தேன்.

அதிலிருந்து தினமும் மண்டிக்கு நடந்தேன். தினமும் எண்பத்தைந்து. வீட்டில் சொல்லாமல் இருக்க முடியுமா?

"ஆஸ்பத்திரித் தராசு ஆப்பரேஷன் பண்றதுக்குன்னே கூட்டிக் காட்டுது. மண்டிக்கு வா, காட்டறேன்."

லாவண்யா எதிர்த்துப் பேசவில்லை. "வர்றேன் மாமா. ஆனா எங்க கம்பெனில ஒரு வழக்கம் இருக்கு. மெஷின் சரியா இருக்கான்னு பாக்கணும்னா, எடை தெரிஞ்ச பொருள் ஒண்ணைத் தூக்கி அதுமேல வச்சுப் பாப்போம்."

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையோடு மண்டிக்கு வந்தாள். கம்பெனியில் மெஷின் தைத்த மூட்டை. தையல் பிரியவில்லை. முனிவேல் அதைத் தூக்கித் தராசில் வைத்தான். இருபத்துமூன்று காட்டியது.

முனிவேல் தலையைச் சொறிந்தான். "அண்ணா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. காலி கிரேட்டு ரெண்டு கிலோ. அத மொதல்லயே கழிச்சு வெச்சுடுவோம். தக்காளி எடை மட்டும்தான தெரியணும்? மனுஷன் ஏறுனாலும் அது கிரேட்டக் கழிச்சுடும் ணா."

"ஏன்டா இத்தன நாளா சொல்லல?"

"நீங்க அவ்ளோ சந்தோஷமா இறங்கிப் போனீங்க. கெடுக்க மனசு வரல."

லாவண்யா என் பக்கம் திரும்பினாள். "என்ன மாமா? பாக்கெட்ல எவனும் விளையாட முடியாதுன்னு நீங்கதான சொல்வீங்க? இதுவும் மெஷின் ஒட்டின பாக்கெட்டுதான். இருபத்தஞ்சுன்னு பெருசா எழுதியிருக்கு."

நான் யோசித்தேன். மூட்டை சொல்வது உண்மை என்றால் தராசு பொய், நான் எண்பத்தேழு, என் முட்டிக்குள் ஸ்டீல். தராசு சொல்வது உண்மை என்றால் நான் எண்பத்தைந்து, மூட்டை பொய். கிரேட் கதையெல்லாம் இவள் முனிவேலுக்குச் சொல்லிக்கொடுத்தது என்று எனக்குப் பட்டது. முனிவேலின் அப்பனும் இப்படித்தான், கேட்டால் உடனே ஒரு கதை வைத்திருப்பான்.

"மூட்டைதான் பொய்" என்றேன்.

"மாமா!"

"ரெண்டு கிலோ அடிச்சுட்டான், திருட்டுப் பய! மெஷினு தெச்சா மட்டும் யோக்கியனா? மெஷின ஓட்டறது மனுஷன்தானே?"

முனிவேல் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தான். லாவண்யா மூட்டையை மறுபடி ஸ்கூட்டரில் ஏற்றச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் நேராக மோட்டார் ரூமுக்குப் போய் எல்லாப் பாக்கெட்டையும் வாரிக்கொண்டு வந்து அவள் முன்னால் கொட்டினேன்.

"ஒட்டு சிவப்பு அட்டை!"

"ஆத்தாடி, இத்தனையா? மோட்டார் ரூம்லயா வச்சிருந்தீங்க?"

"மூட்டையிலயே ரெண்டு கிலோ அடிக்கிறவன் பிஸ்கட்டுல எவ்ளோ அடிப்பான்? இனிமே எவன் பாக்கெட்டும் என் வாய்க்குள்ள போவாது."

ஜெகதீஷ் ஒரு பாக்கெட்டை எடுக்கக் கை நீட்டினான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவன் கையைத் தட்டிவிட்டோம்.

அதற்குப் பிறகு நான் தின்ன ஆரம்பித்ததெல்லாம் சந்தேகத்தில் தின்றதுதான். ராகி முழுசாக இருந்தால் கல் கலந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியும். மாவானால் தெரியாது. அதனால் ராகியை நானே முறத்தில் கொட்டிப் பார்த்து, மில்லில் கூடவே நின்று அரைத்து வந்தேன். பச்சைப் பயறு, வேகவைத்த வேர்க்கடலை, கொய்யா, வெண்டைக்காய், எல்லாம் உடைக்காமல் முழுசாக இருக்கிறவை. கொய்யாவுக்குள் எவனும் எதையும் ஒளிக்க முடியாது. புழு இருந்தாலும் புழு என்றே இருக்கும். அந்த அரிசி மூட்டையைப் போட்ட கடைக்காரனோடு சண்டை பிடிக்கவும், முனிவேல் தராசை எவனும் திருகிவிடாமல் பார்த்துக்கொள்ளவும் தினமும் நடந்தேன். களி மட்டும் இன்றைக்கும் பிடிக்கவில்லை. பிடிக்காததை ஒரு உருண்டைக்கு மேல் எவன் கேட்பான்?

தீபாவளிக்கு முந்தின வாரம் டாக்டரம்மாவின் தராசில் ஏறினேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

"எழுபத்தொன்பது! ஆப்பரேஷன் வேணாம் ஐயா. இப்படியே சாப்பிடுங்க, போதும். பாத்தீங்களா, பாக்கெட்டை விட்டதும் என்னா மாதிரி குறைஞ்சிருக்கு!"

லாவண்யா முகத்தைப் பார்க்க வேண்டுமே. அவளே குறைந்த மாதிரி பூரித்துப்போய் நின்றாள். எனக்கும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது, இல்லை என்று சொல்லவில்லை. கத்தி இல்லை, ஸ்டீல் இல்லை. ஆனால் அந்த அம்மா சொன்ன காரணம்தான் எனக்கு ஒத்துவரவில்லை.

"தராசை எப்பம்மா ரிப்பேர் பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"ரிப்பேரா? அதெல்லாம் பண்ணலையே ஐயா."

"பண்ணாம எப்படிச் சரியாக் காட்டும்? நான் அன்னிக்கு வந்து கத்திட்டுப் போனேனில்ல, ராத்திரியோட ராத்திரியா ஆளக் கூட்டியாந்து சரி பண்ணியிருப்பாங்க. உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டாங்க."

"மாமா, எட்டு கிலோ குறைஞ்சிருக்கு. தராசு எட்டு கிலோவா தப்பாக் காட்டும்?"

"மூட்டை தச்சவன் ரெண்டு கிலோ அடிக்கிறான். ஆஸ்பத்திரிக்காரன் எட்டு அடிக்க மாட்டானா? இப்பப் பாத்தா முனிவேலும் ஆறு கிலோ கூட்டித்தான் காட்டியிருக்கான்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார். லாவண்யா கைப்பையைத் துழாவிப் பச்சை அட்டை ஒன்றை எடுத்து, நான் சுதாரிப்பதற்குள் என் சட்டைப் பையில் ஒட்டி ஒரு அழுத்து அழுத்தினாள்.

"பாஸ் மாமா."

நான் அதைப் பிய்த்து, குனிந்து, தராசின் மேல் ஒட்டினேன்.

"சரியானது இது. இதுக்கு ஒட்டு."

சொல்லிவிட்டு வெளியே வந்தேன். லாவண்யா பின்னாலேயே வந்து ஸ்கூட்டரை எடுத்து, "ஏறுங்க மாமா, களி ஆறிப்போகும்" என்றாள். நான் ஏறவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே போகிறேன் என்று பாகலூர் ரோட்டில் இறங்கினேன். பின்னாலிருந்து ஆரன் அடித்துக்கொண்டே வந்தாள். நான் திரும்பவில்லை. எட்டு கிலோ! கீரையும் கொய்யாவும் தின்றா எட்டு கிலோ குறையும்? யாரிடம் சொல்கிறார்கள்?