பதினோரு மணி வெயில்

1

இந்தக் கதை ஒரு மின்கம்பத்தில் கிடைத்தது. சரியாகச் சொன்னால், மின்கம்பத்தில் ஒட்டியிருந்த ஒரு படத்தில். அதைப் பார்த்த அதிர்ச்சி இன்னும் தீரவில்லை. எழுதினால் தீருமா என்று பார்க்கிறேன். முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

‘அன்று காலை மூடுபனி மலையை மறைத்திருந்தது. சின்ன விமானம் ஒன்று’

நிறுத்திவிட்டேன். அன்று பனியே இல்லை. பனி இருந்திருந்தால் இந்தக் கதையும் இல்லை. எல்லாம் கைப்பழக்கம். வானம் சும்மா இருந்தால் எங்கள் சங்கத்தில் ஒருவருக்கும் பொறுக்காது.

2

எங்கள் சங்கம் பிளவ்திவ் நகரில் ஒரு முடிதிருத்தும் கடையின் மாடியில் இருக்கிறது. நாலைந்து கணினிகள், அவற்றில் விமானம் ஓட்டும் சிமுலேட்டர். சனிக்கிழமை மதியம் கூடுவோம். ஓட்டுவதைவிட, திரையில் தெரிவதைப் படம் பிடிப்பதில்தான் எங்களுக்குள் அடிதடி. மாதம் ஒரு படத்துக்குப் பரிசு, நடுவர் நான். விதி ஒன்றுதான்: எடுத்த படத்தைத் தொடக்கூடாது. எடுப்பதற்கு முன்னால் வானத்தை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். மேகத்தை ஏற்றலாம், தூரத்தை மங்கவைக்கலாம், காலையை மாலையாக்கலாம்.

(இதில் என்ன நேர்மை என்று நீங்கள் கேட்கலாம். எங்களில் யாரும் கேட்டதில்லை.)

இதில் பிளாமென்தான் ராஜா. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். விமானத்தை ஒருநாளும் ஒழுங்காகத் தரையிறக்கியதில்லை. நடுவானில் நிறுத்திவைத்துவிட்டு, பார்வை எட்டும் தூரத்தைக் கொஞ்சமாகக் குறைப்பான். தூரத்து மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீலத்தில் கரையும். அப்புறம் சூரியனை இறக்குவான்.

"டேய், இன்னிக்காவது பறப்பியா, இல்ல மேகத்துக்கு முடிவெட்டிக்கிட்டே உக்காந்திருப்பியா?"

"நீ கீழ போய் உன் மண்டைக்கு வெட்டிக்கிட்டு வா. அதுக்குள்ள உலகத்தையே அழகாக்கி வைக்கிறேன்."

3

ராலித்ஸா வந்தாள்.

[முதல் வரைவில் இவளை அழுதுகொண்டே படியேற வைத்தேன். பொய். செருப்பைக் கால்மிதியில் நன்றாகத் தேய்த்துவிட்டு, வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தாளாம். அன்று நான் அங்கே இல்லை. பிளாமென் சொன்னதைச் சொல்கிறேன்.]

அவள் தம்பி காமென், சூரியகாந்தி வயல்களுக்கு விமானத்திலிருந்து மருந்து தெளிப்பவன். போன வருடம் ஒரு காலை, பதினோரு மணிக்கு, அவர்கள் ஊருக்கு மேற்கேயுள்ள மலையில் நேராகப் போய் மோதினான். இயந்திரத்தில் கோளாறு இல்லை என்றார்கள். உடல் எரிந்துபோனதால் சோதித்துப் பார்க்க எதுவும் மிஞ்சவில்லை. ராக்கியாச் சாராயம் குடித்துவிட்டு ஏறியிருக்கிறான் என்று ஊர் தானாகவே முடிவு கட்டிவிட்டது.

"கடைசியா அவன் கண்ணுக்கு என்ன தெரிஞ்சுதுன்னு நான் பாக்கணும் தம்பி. அவ்வளவுதான்."

பிளாமென் அதே வயல், அதே திசை, அதே பதினோரு மணி, தெளிந்த வானம் என்று வைத்தான். மலை எதிரே சுவர்போல நின்றது. உட்கார முடியாமல் ராலித்ஸா மாடிப்படிக்குப் போய்விட்டாள். படம் தட்டையாக இருக்கிறதே என்று இவனுக்கு உறுத்தியது. கை தன்னால் போய் நேரத்தை மாலைக்குத் தள்ளியது, தூரத்தை மங்கவைத்தது. சூரியன் விமானக் கண்ணாடியில் நேரே அடித்தது. மலை பொன்னில் கரைந்தது. அந்த நேரம் பார்த்து அவள் திரும்பி வந்தாள்.

"ஐயோ, மலையே தெரியலையே! கண்ணு கூசியிருக்கு அவனுக்கு! குடிக்கல தம்பி, அவன் குடிக்கல!"

பிளாமென் வாயைத் திறந்தான்.* அவள் அவன் கையை எடுத்து முத்தமிட்டாள். திறந்த வாய் மூடிக்கொண்டது. படத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

* "சொல்லத்தான் வந்தேன்" என்று என்னிடம் தாயின் மேல் ஆணையிட்டான். நம்புகிறேன். நம்பி என்ன ஆகப்போகிறது?

4

இங்கே ஆள் இறந்தால் முகப்படத்தோடு நோட்டீஸ் அடித்து வாசல், கம்பம், பஸ் நிறுத்தம் எங்கும் ஒட்டுவார்கள். வருடம் நிறைந்தால் மறுபடியும் ஒட்டுவார்கள். தேன் வாங்க அந்த ஊருக்குப் போனேன். கம்பத்துக்குக் கம்பம் காமெனின் பெயர். முகம் இருக்கவேண்டிய இடத்தில் பிளாமெனின் சூரியன். கீழே: ‘இவன் கண்ணைச் சூரியன் மறைத்தது. குடித்தான் என்றவர்கள் பார்க்கட்டும்.’

மாதாமாதம் நான் பரிசு கொடுக்கிற மாலை வெயிலல்லவா அது! எந்தச் சுவரில் பார்த்தாலும் எனக்குத் தெரியுமே.

கம்பத்துக்குப் பக்கத்துக் கடைக்காரம்மா வெளியே வந்தாள். "என்ன அப்படிப் பாக்குறீங்க? காலைல பதினோரு மணிக்கு சூரியன் மேற்கால எப்படிப் போச்சுன்னா?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"சூரியகாந்தி போடுற ஊருங்க இது. எங்களுக்கா தெரியாது?"

"அப்ப யாரும் அவகிட்ட..."

"ஒரு வருஷமா அந்தப் பொண்ணு கடைப் பக்கமே தலைகாட்டல. முந்தாநாள்தான் வந்து ரொட்டி வாங்கிட்டுப் போச்சு. நீங்க வேணா போய்ச் சொல்லுங்களேன், பாப்போம்."

நான் தேனைக்கூட வாங்காமல் திரும்பிவிட்டேன்.

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நான் சொல்கிறேன். அவள் என்னை அறைகிறாள். இன்னொன்றில் பிளாமென் காலில் விழுகிறான், அது நாடகம். மற்றொன்றில் ஒருவரும் சொல்வதில்லை, மழையில் நோட்டீஸ் வெளுக்கிறது. இதுதான் எனக்குப் பிடித்திருந்தது. எழுதி முடித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை ராலித்ஸா மாடிக்கு வந்தாள். இறந்தவருக்காக எல்லோருக்கும் கொடுக்கும் அவித்த இனிப்புக் கோதுமையை ஆளுக்கொரு கிண்ணம் கொடுத்தாள். பிளாமெனின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பதினோரு மணிக்கு வை தம்பி."

பிளாமெனின் கிண்ணம் மடியில் கவிழ்ந்தது. "அக்கா..."

"எங்க ஊர்ல சூரியன் எந்தப் பக்கம் இறங்கும்னு எனக்குத் தெரியாதா? அன்னிக்கு வீடு போய்ச் சேர்றதுக்குள்ள தெரிஞ்சிடுச்சு. எவனாவது வந்து பொய்னு சொல்லுவான், அவன் சட்டையப் பிடிச்சுக் கத்தலாம்னுதான் ஊர் பூரா ஒட்டினேன். ஒருத்தன் வரலையே! குடிகாரன்னு சொன்ன வாயெல்லாம் என்னைப் பாத்துப் பாவம்னு மூடிக்கிச்சு. உன்னை மாதிரியே. இந்தப் பாவம் பாக்குறதெல்லாம் எனக்கு வேணாம். எனக்கு மலை வேணும். வை."

யாரும் அசையவில்லை. அவளே மவுசைப் பிடித்தாள். நேரத்தை நகர்த்தினாள். சூரியன் மேற்கிலிருந்து பின்னோக்கி ஏறியது, பொன் வெளுத்தது, கருங்கோடு ஒன்று தெரியத் தொடங்கியது. பிளாமெனின் கை பாய்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டது.

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. மலை தெளிந்தால், காமென் ஏன் விமானத்தைத் திருப்பவில்லை என்பது மட்டும் தெரியாது. திருப்பியிருக்கலாம் என்பது தெரிந்துவிடும். இங்கே கொஞ்சம் மூடுபனி போடலாம். எனக்குப் போடத் தெரியும். கை துடிக்கிறது.

பிளாமெனைக் கதையிலிருந்து எடுத்துவிட்டேன். இப்போது அவள் கைமேல் இருப்பது உங்கள் கை. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்கிறாள்:

"கைய எடு."