மஞ்சள் வைத்த பனியன்கள்

பனியன் கம்பெனியில் பெண்களுக்கு மெஷின் கிடையாது. ஆண்கள் தைப்பார்கள். பெண்கள் தரையில் உட்கார்ந்து, தையலில் நீட்டி நிற்கிற நூல் பிசிரை வெட்டுவார்கள், மடிப்பார்கள், பெட்டியில் அடுக்குவார்கள். இது யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. ஆனாலும் எழுதி வைத்த சட்டங்களைவிட ஒழுங்காகத் திருப்பூரில் நடந்து வந்தது.

எழுபத்தைந்தாம் வருஷம், அனைத்துலகப் பெண்கள் ஆண்டு என்று ரேடியோ ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த சமயத்தில், டென்மார்க்கிலிருந்து ஒரு மாதர் சங்கம் எங்கள் வேலம்பாளையம் மாதர் சங்கத்துக்கு நான்கு தையல் மெஷின்கள் வாங்கிக் கொடுத்தது. பயிற்சிக்கும் ஏற்பாடு செய்து, அங்கே கடைகளில் விற்க முதல் ஆர்டரும் கொடுத்தது. நான் பள்ளிக்கூட டீச்சர், சங்கத்துக்குச் செயலாளர். எனக்குத் தைக்கத் தெரியாது. பேசத் தெரியும், அதுவும் தேவைக்கு மேலேயே தெரியும்.

மெஷின் போட இடம் வேண்டுமே? பனியன் கம்பெனி முதலாளி பொங்கியண்ணன் தன் கம்பெனியை ஒட்டியிருந்த பழைய குடோனைக் கொடுத்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் சிரித்துக்கொண்டே ஒரு நிபந்தனை போட்டார். முதல் சரக்கை டென்மார்க்காரர்கள் பார்த்து பாஸ் செய்துவிட்டால் குடோன் வாடகைக்கு எங்களுக்கே. இல்லாவிட்டால் அன்றைக்கே காலி செய்துவிட வேண்டும்.

"பொம்பளைங்க தெச்சது நிக்குமுங்களா, டீச்சரம்மா?" என்று வேறு கேட்டார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஏதாவது சொல்லிக் காரியத்தைக் கெடுத்திருப்பேன். முத்தாயி என் முந்தானையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

முத்தாயி அவருடைய கம்பெனியில்தான் வருஷக்கணக்காகப் பிசிர் வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் கணவன் தங்கவேலு அங்கேயே டெய்லர். அவன் மெஷினில் உட்கார்ந்திருக்க, அவன் காலடியில் கத்தரிக்கோலோடு இவள். அந்த வேலையை விட்டுவிட்டுத்தான் எங்களிடம் தைக்க வந்தாள். அவளைப் போலப் பிசிர் வெட்டிய இன்னும் சில பெண்களும் கூட வந்தார்கள். நாலு நாள் ஆசை என்று தங்கவேலு ஊரெல்லாம் கேலி பேசினான். குடோன் கைவிட்டுப் போனால் அவள் திரும்பவும் அந்தத் தரைக்குத்தான் போக வேண்டும். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை என்று என்னிடம் வெளிப்படையாகவே சொன்னாள்.

முதல் ஆர்டர் குழந்தைகளுக்கான வெள்ளை பனியன். தைத்து முடித்தாயிற்று. சரக்கைப் பார்த்து பாஸ் செய்ய டென்மார்க் சங்கத்திலிருந்து இங்கர் என்ற அம்மாள் வந்தார். மறுநாள் காலையில் கொச்சி துறைமுகத்துக்கு லாரி. நான் ஸ்டேஷனுக்குப் போய் அவரை அழைத்து வந்து, பெருமையோடு முதல் பெட்டியைத் திறந்தேன்.

எல்லா பனியனிலும் கீழ் ஓரத்தில், விரல் நுனி அளவுக்கு மஞ்சள்.

இங்கர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். மெஷின் எண்ணெயா என்று கேட்டார். நான் அவசரமாக அடுத்த பெட்டியைத் திறந்தேன், அதிலும் அதே மஞ்சள். முத்தாயியோ கல்யாண வீட்டுக்காரி போல முன்னால் வந்து நின்றாள்.

"பச்சப் புள்ளைங்க போடற புதுத் துணிங்க. மஞ்ச வெக்காம எப்படிங்க குடுக்கறது? யாரு பெத்த புள்ளைங்களா இருந்தா என்னங்க?"

அதை நான் இங்கிலீஷில் சொன்னேன். இங்கர் பொறுமையாகக் கேட்டார். அழகான வழக்கம் என்றார். ஆனால் கடைக்கு வருகிற ஒவ்வொரு தாயின் பக்கத்திலும் நின்று தன்னால் இதை விளக்க முடியாது, அவர்கள் கறை என்றுதான் நினைப்பார்கள், இப்படியே பாஸ் செய்ய வழியில்லை என்றார். முத்தாயியின் முகம் சுருங்கிப் போனது. நான் எல்லோரையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

திட்டி என்ன பயன்? துவைத்துவிடலாம் என்று தொட்டியை நிரப்பினோம். சோப்புப் பட்டதும் மஞ்சள் சிவப்பாகிவிட்டது. இங்கர் காலிப் பெட்டி ஒன்றின் மேல் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். முத்தாயிக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது. மஞ்சளில் சோப்புப் பட்டால் அப்படித்தான் ஆகும், அலசி வெயிலில் போட்டால் ஓடிவிடும் என்றாள். அன்றைக்குக் கத்திரி வெயில். வேண்டிய மட்டும் இருந்தது.

எல்லோரும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் இங்கரும் எழுந்து வந்தார். ஒரு முனையை அவர் பிடிக்க மறுமுனையை முத்தாயி பிடிக்க, ஈரத் துணியைச் சேர்த்துச் சேர்த்து முறுக்கிப் பிழிந்தார்கள். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. இருந்தாலும் இரண்டு பேரும் ஓயாமல் பேசிக்கொண்டேதான் இருந்தார்கள்.

வாசலெல்லாம் வெள்ளையாகக் கிடப்பதைப் பார்த்துப் பொங்கியண்ணன் வந்தார். கையில் பூட்டு. சேதி அதற்குள் போயிருக்கிறது.

மத்தியானத்துக்குள் மஞ்சள் போன இடம் தெரியவில்லை. இங்கர் ஒவ்வொரு பனியனாக எடுத்து உள்ளே வெளியே திருப்பிப் பார்த்தார், தையலை இழுத்துப் பார்த்தார். அடித்துத் துவைத்து முறுக்கிப் பிழிந்த துணி. ஒன்றில்கூட நூல் பிரியவில்லை. எந்த நூலை வெட்டினால் தோள் பிரியும் என்பது பிசிர் வெட்டியவர்களுக்குத் தெரியாதா? அந்த நூலையெல்லாம் அவர்கள் உள்ளே இழுத்துத் தைத்திருந்தார்கள்.

பொங்கியண்ணன் ஒன்றை எடுத்துத் தோளைப் பிடித்து இழுத்தார். இன்னொன்றை எடுத்தார். அதையும் இழுத்தார். முதல் சலவையிலேயே தோள் பிரிகிறது என்று மதுரைக் கடைகள் அவர் சரக்கைத் திருப்பி அனுப்பிய கதை திருப்பூருக்கே தெரியும். யாருக்கும் தெரியாது என்று அவர் மட்டும் நினைத்துக்கொண்டிருந்தார்.

இங்கர் பாஸ் என்றார். முத்தாயி அழுதாள். நானும்தான்.

மறுநாள் லாரி போன பிறகு பொங்கியண்ணன் மறுபடி வந்தார். தன் சரக்குக்கும் தோள் தைத்துத் தர முடியுமா என்று கேட்டார். கூலி ஆண்களுக்குக் கொடுப்பதில் பாதி, பெண்களுக்கு அதுதான் வழக்கம் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் முத்தாயி முந்திக்கொண்டாள்.

"எங்க ஊட்டுக்காரருக்கு டஜனுக்கு என்ன குடுக்கறீங்களோ, அதேதானுங்க எங்களுக்கும். எங்க தையலு பாதியிலயா நிக்குதுங்க?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு இங்கரைப் பார்த்தார். இங்கர் ஒரு வார்த்தை புரியாமலே பலமாகத் தலையை ஆட்டினார். மதுரைக் கடைகளை நினைத்திருப்பார் போலிருக்கிறது, மனிதர் சரி என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் தங்கவேலு முதன்முறையாகக் குடோனுக்கு வந்தான். மனைவி மெஷின் ஓட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். ஆண் டெய்லர்கள் கூலியைக் கூட்டச் சொல்லிப் பொங்கலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அடுத்த தடவ மொதலாளிகிட்டக் கூலி பேசறப்ப, எங்களுக்கும் சேத்திப் பேசு, முத்தாயி."

அவள் துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பக்கத்துல வந்து நில்லுங்க. பேசறேன்."